போருக்குப் பின் ஒரு குகை

திருவண்ணாமலை என்றவுடன் கார்த்திகைத் தீபமும் கிரிவலமும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. அவ்வூர் போரையும் அறிந்த ஊர். 1767 செப்டம்பரில் ஐதர் அலியும் ஐதராபாத் நிசாமும் ஒருபுறம், கர்னல் ஸ்மித்தின் ஆங்கிலேயப் படை மறுபுறம் என அங்கே மோதின. கோவிலின் உயர்ந்த மதில்கள் அந்நாள்களில் கோட்டையாகவும் பயன்பட்டன. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின், படையுடையைக் களைந்தவர்கள் அதே ஊரை நாடி வந்தனர். அவர்களுள் ஒருவர் நம் திருச்சபையின் குரு என்பதை நம்மில் பலர் அறியோம்.

பிரான்சின் பிரிட்டனிக் கடற்கரையில் 1910-இல் பிறந்த ஆன்றி லெ சோ, கெர்கோனான் மடத்தில் புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவியானார். 1935-இல் குருப்பட்டம் பெற்றார். 1939-இல் போர் மூண்டதும் படைக்கு அழைக்கப்பட்டார். அந்நாட்டுச் சட்டம் குருக்களுக்கும் விலக்கு அளிக்கவில்லை. பலிபீடத்தில் அப்பம் ஏந்திய கைகள் படைக்கலம் ஏந்த வேண்டியதாயிற்று. 1940-இல் அவருடைய படைப்பிரிவை செருமானியர் சூழ்ந்து பிடித்தனர். கைதிகளின் பெயர்களைப் பதிவு செய்யுமுன் அவர் வயலொன்றின் விளைந்த பயிருக்குள் ஒளிந்துகொண்டார். பின் இரவல் மிதிவண்டியில் வீடு போய்ச் சேர்ந்தார். மடத்துக்குத் திரும்பினால், சில காலத்தில் அம்மடத்தையும் செருமானியர் எடுத்துக்கொண்டனர்.

போர்தான் இவரை இந்தியாவுக்கு அனுப்பியது என்று எழுதிவிடுவது எளிது. உண்மை அதுவன்று. இந்திய நாட்டம் 1934-லேயே அவருள் எழுந்துவிட்டது. போர் அவருக்கு அழைத்தலைத் தரவில்லை. அழைத்தலுக்குரிய ஆண்டுகளை விழுங்கியது. 1947-இல் திருச்சி ஆயர் மெந்தோன்சாவுக்கு அவர் எழுதிய மடலுக்குக் குளித்தலையிலிருந்த தந்தை மொன்ஷானேன் மறுமொழி எழுதினார். 1948-இல் தமிழகம் வந்தார். 1950 மார்ச் 21 அன்று, காவிரிக்கரைத் தண்ணீர்ப்பள்ளியில் இருவரும் சச்சிதானந்த ஆசிரமத்தைத் தொடங்கினர். அன்று முதல் அவர் அபிஷிக்தானந்தர்.

அதற்கு முன்னரே, 1949 ஜனவரியில், இருவரும் இரமணரைக் காணத் திருவண்ணாமலை சென்றிருந்தனர். அந்த ஆசிரமத்தில் ஆங்கிலேயப் படையின் மேஜர் பதவியிலிருந்து விலகிய சாட்விக் என்பவர் 1935 முதல் வாழ்ந்துவந்தார். வளாகத்தில் தமக்கென ஓர் அறை கட்டிக்கொண்டு, 1962-இல் இறக்கும் வரை அங்கேயே இருந்தார். லெ சோவின் மனமோ ஆசிரமத்தோடு நிற்கவில்லை. 1952 முதல் பலமுறை மலைக்குகைகளில் தனித்துத் தங்கினார்; மௌனம் காத்தார்; ஊருக்குள் பிச்சையேற்று உண்டார்.

பம்பலோனாவில் 1521-இல் காயமுற்ற வீரர் இஞ்ஞாசியார், அடுத்த ஆண்டே மன்ரேசா குகையில் செபித்தது வாசகர் அறிந்த வரலாறு. அவர் தெளிவோடு வெளியே வந்தார். அபிஷிக்தானந்தருக்கு அத்தகைய தெளிவு விரைவில் வாய்க்கவில்லை. கிறிஸ்துவின் மீதுள்ள பற்றுக்கும் அத்வைத அனுபவத்துக்கும் இடையே தாம் கிழிபட்ட வேதனையை அவர் தம் நாட்குறிப்பில் ஆண்டுக்கணக்கில் எழுதினார். அவருடைய இறையியலோடு நாம் எல்லா இடத்திலும் உடன்படுவதில்லை. ஆயினும் தெளிவில்லாத வேளையிலும் அவர் திருப்பலியைக் கைவிடவில்லை, மலையையும் கைவிடவில்லை என்பதை மதிக்கிறோம்.

வட ஆற்காட்டுப் பகுதியில் பட்டாளம் சென்று திரும்பிய குடும்பத் தலைவர்கள் நம் பங்குகளிலும் உண்டு. ஓய்வூதியமும் நிலமும் இருந்தும் வீடு அவர்களுக்கு உடனே வீடாகிவிடுவதில்லை. திண்ணையில் பேசாது அமர்ந்திருப்பவரை, 'இன்னும் பட்டாளத்து நினைப்பு' என்று நாம் கேலி பேசிவிடுகிறோம். அம்மௌனத்துக்குள் என்ன நடக்கிறது என்று கேட்பார் இல்லை.

1948-க்குப் பின் லெ சோ பிறந்த மண்ணை மிதிக்கவேயில்லை. எந்த நாட்டுக்காகப் படையில் நின்றாரோ அந்நாட்டின் குடியுரிமையை விட்டு, 1960-இல் இந்தியக் குடிமகனானார். 1973 டிசம்பர் 7 அன்று இந்தூரில் இறந்து அங்கே அடக்கம் செய்யப்பட்டார். பல ஆண்டுகளுக்குப் பின்னர் அவருடைய எச்சங்கள் தண்ணீர்ப்பள்ளிக்குக் கொண்டுவரப்பட்டன.