கட்டி விடப்பட்ட பை: முழங்கால் பின்குழித் தமனிப் புடைப்பு அறுவையும் பிந்திய நரம்பு அழுத்தமும்

முழங்காலின் பின்குழியில் தமனி, சிரை, பாதத்திற்குச் செல்லும் பெருநரம்பு ஆகிய மூன்றும் நெருங்கிக் கிடக்கின்றன. அங்குத் தமனிச் சுவர் நலிந்து பைபோல் விரிவதே அனியூரிசம் எனப்படும் தமனிப் புடைப்பு. தமனியைக் கட்டிவிட்டால் பை தானே வற்றிவிடும் என்னும் நம்பிக்கை அறுவை மருத்துவ வரலாற்றில் இருமுறை வேரூன்றி, இருமுறையும் ஆட்டங்கண்டது.

கி.பி. 2ஆம் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் ஆன்டில்லஸ், புடைப்பின் மேலும் கீழும் தமனியைக் கட்டிப் பையைத் திறந்தார். அம்முறையில் உயிரிழப்பு மிகுதியாதலின், 18ஆம் நூற்றாண்டில் காலைத் துண்டிப்பதே பலருக்கு உகந்ததாகத் தோன்றியது. 1785 டிசம்பரில் இலண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் ஜான் ஹன்டர் ஒரு வண்டியோட்டிக்குப் பையைத் தொடாமல் தொடையிலேயே தமனியைக் கட்டினார். கிளைத் தமனிகள் குருதியைக் கடத்திக் காலைக் காத்தன. 1787இல் அவர் காய்ச்சலால் இறந்தபின் ஆராய்ந்தபோது பை சுருங்கிக் கெட்டிப்பட்டிருந்தது, மறைந்துவிடவில்லை.

மானிப்பாயில் பணியாற்றிய சாமுவேல் பிஸ்க் கிறீன், ட்ரூயிட்டின் அறுவைக் கையேட்டை 'இரணவைத்தியம்' என 1867இல் தமிழில் வெளியிட்டதும் இக்கட்டுமுறையின் காலத்தில்தான். 1888இல் நியூ ஆர்லியன்சில் ருடால்ஃப் மாட்டாஸ், ஒரு கைத்தமனிப் புடைப்பைக் கட்டியும் துடிப்பு மீளக் கண்டார். பையைத் திறந்தபோது கிளைத் தமனிகளின் வாய்களிலிருந்து குருதி வந்தது. அவற்றை உள்ளிருந்தே தைத்து மூடினார். ஹன்டரின் நோயாளியைக் காத்த அதே வகைக் கிளைகளே இங்குப் பையையும் ஊட்டின.

இப்பாடம் பின்னர் மங்கியது என்றே கொள்ளவேண்டும். 1969இல் எட்வர்ட்ஸ் விளக்கிய முறையில், புடைப்பின் இருபுறமும் கட்டி, காலின் சிரையைக் கொண்டு மாற்றுவழி அமைக்கப்படுகிறது; பை உள்ளேயே விடப்படுகிறது. மாற்றுவழி நன்கு இயங்கும். பாதத்தில் நாடி துடிக்கும். ஆயினும் முழங்காலைச் சூழ்ந்த கிளைகள் பையை நிரப்பினால், ஆண்டுகள் கழித்து அது வளர்ந்து நரம்பை நெரிக்கும். உள்ளங்கால் மரக்கும், கெண்டைக்கால் தளரும். சிரை அழுந்தினால் கால் வீங்கும்.

அருப்புக்கோட்டை, திருச்சுழிக் கரிசல் சீமையில் இது வெறும் நூற்செய்தியன்று. பெருமருத்துவமனை உள்ள மதுரை, அருப்புக்கோட்டையிலிருந்தே ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவு, வானம் பார்த்த நிலத்தில் உழைப்பவர் ஆறியபின் மறுபரிசோதனைக்குச் செல்வது அரிது. மரத்துப்போன காலை வாதம் என்றோ சர்க்கரை நோயின் விளைவு என்றோ கொள்ளுதல் எளிது. பாத நாடியைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவரும் அமைதி கொள்ளக்கூடும். பின்குழியை ஒலியலை வருடலால் நோக்கினாலே பை புலப்படும். அதன்பின் செய்யத்தக்கது பெரிதும் மாட்டாஸ் செய்ததே: முழங்காலின் பின்புறமாகப் பையைத் திறந்து, கிளைகளின் வாய்களைத் தைத்து, நரம்பை விடுவித்தல்.