தயிரும் மலைவாழையும் - பழனி மலையின் இன்னொரு பழச் சண்டை

பழனி என்றாலே ஒரு பழச் சண்டைதான் ஞாபகத்துக்கு வரும். ஞானப்பழம் அண்ணனுக்குப் போய்விட, தம்பி கோபித்துக்கொண்டு வந்து நின்ற மலை அது. அதே மலைத்தொடரில் இன்னொரு பழச் சண்டையும் சத்தமில்லாமல் நடந்து வந்திருக்கிறது. பழத்தைத் தயிரோடு சேர்க்கலாமா, கூடாதா என்பதுதான் அது. இன்றைக்குத் தயிரையும் வாழைப்பழத்தையும் மிக்சியில் போட்டு அடித்து "புரோபயாடிக் ஸ்மூத்தி" என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். பெயர்தான் புதுசு, விவகாரம் ரொம்பப் பழசு.

தயிரின் வயது தமிழில் எவ்வளவு என்று பார்க்கச் சங்க இலக்கியத்துக்குப் போனால் போதும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் ஓர் ஆய்மகள் உறை ஊற்றித் தோய்ந்த தயிரைக் கடைந்து, மோர் விற்கக் கிளம்பிப் போகிறாள். உறைந்த தயிர்க் கட்டிகளைக் காளான் மொட்டுகளுக்கு உவமை சொல்கிறார் புலவர். இதில் கவனிக்க வேண்டியது "உறை" என்ற சொல். இன்றும் பாலில் விடும் அந்த ஒரு கரண்டி பழைய மோருக்கு வீடுகளில் அதே பெயர்தான். பாக்டீரியா என்ற ஒன்று இருப்பதே தெரியாத காலத்தில், நேற்றைய தயிரிலிருந்து இன்றைய தயிர் பிறக்கிறது என்பதை மட்டும் சரியாகப் பிடித்துவிட்டார்கள். குறுந்தொகையின் 167ஆம் பாடலில் வரும் புது மனைவி, கட்டித் தயிரை விரலால் பிசைந்து கணவனுக்குச் சமைத்துப் போடுகிறாள். (கையை அப்படியே சேலையில் துடைத்துக்கொள்கிறாள் என்பது தனிக் கதை.)

அப்படியென்றால் பழம்? இங்கேதான் சண்டை. வாக்படர் எழுதிய அஷ்டாங்க ஹிருதயம் என்ற ஆயுர்வேத நூல், சேர்த்துச் சாப்பிடக் கூடாதவை என்று ஒரு பட்டியல் தருகிறது. அதில் வாழைப்பழத்தைத் தயிரோடும் மோரோடும் சேர்க்கக் கூடாது என்று நேரடியாகவே இருக்கிறது. ஆனால் தயிர்சாதத்துக்கு வாழைப்பழத்தையும் மாம்பழத்தையும் தொட்டுக்கொள்ளும் தமிழ் வீடுகளோ இதை ஒரு நாளும் மதித்ததாகத் தெரியவில்லை. வட இந்தியக் கோயில்களில் பஞ்சாமிர்தம் என்றால் பால், தயிர், நெய், தேன், சர்க்கரை. பல இடங்களில் அதில் வாழைப்பழத் துண்டுகளையும் போடுகிறார்கள். மிக்சி இல்லாத ஸ்மூத்தி என்றே அதைச் சொல்லலாம்.

பழனி பஞ்சாமிர்தம் இதற்கு நேர் எதிர். மலைவாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய், கூடவே பேரீச்சம்பழமும் கற்கண்டும். தயிர் சொட்டுக்கூடக் கிடையாது, பாலும் கிடையாது. முருகனுக்குப் பாலும் தயிரும் தனித்தனியாக அபிஷேகம் ஆகும், பஞ்சாமிர்தத்தில் மட்டும் கலக்காது. இதற்கு ஆயுர்வேத விதியைவிட வழிநடைப் பயணமே பெரிய காரணமாக இருந்திருக்க வேண்டும். காவடி எடுத்து நடந்து வந்தவர்கள் பிரசாதத்தை ஊர் வரை கொண்டுபோக வேண்டுமே! தயிர் சேர்ந்தால் வெயிலில் அது தாக்குப்பிடிக்காது. சர்க்கரையும் தேனும் பழத்தின் நீரைப் பிடித்துவைத்துக்கொள்வதால் கிருமிகளுக்கு வளர இடமில்லை. தண்ணீர்ச் சத்து குறைந்த விருப்பாச்சி மலைவாழை இதற்கென்றே பிறந்த மாதிரி. பழனி பஞ்சாமிர்தத்துக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

விருப்பாச்சி என்பது ஒட்டன்சத்திரம் பக்கத்து ஊர். வெள்ளையரை எதிர்த்து 1801ல் தூக்கில் தொங்கிய கோபால நாயக்கரின் பாளையம் அதுதான். வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் தந்ததும் அந்த மண்ணே. இவ்வளவு பெயர் பெற்ற ஊரின் பழம் கிட்டத்தட்ட அழிந்தே போயிருக்கும் என்பது பலருக்குத் தெரியாது. முடிக்கொத்து நோய் என்ற வைரஸ் 1940 வாக்கில் இலங்கையிலிருந்து கேரளத்துக்கு வந்து, பிறகு கீழ்ப் பழனி மலைக்கும் ஏறிவிட்டது. இலைகள் நுனியில் கொத்தாகக் குறுகி நிற்கும், தார் போடாது. அசுவினிப் பூச்சி மூலம் மரத்துக்கு மரம் பரவும். நோயுள்ள மரத்தின் பக்கக் கன்றைப் பெயர்த்து வேறு தோட்டத்தில் நட்டால் நோயையும் சேர்த்து நட்டதாக ஆகும். 1970களில் சுமார் 18,000 ஹெக்டேரில் இருந்த மலைவாழை, பின்னர் 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும், 1993ல் திருச்சியில் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் நோயில்லாத திசு வளர்ப்புக் கன்றுகளைக் கொடுத்துத்தான் தாண்டிக்குடி, தடியன்குடிசைப் பக்கம் அது மறுபடி தலைதூக்கியது. புவிசார் குறியீடும் 2008-09 வாக்கில் வந்தது. நோய் இன்னும் முழுசாகப் போய்விடவில்லை.

மேல் மலையின் கதை வேறு. 1821ல் வார்டு என்ற ராணுவ அதிகாரி அளக்க வந்தார். 1845ல் மதுரையின் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் பயந்த அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். பேரி, ப்ளம்ஸ் எல்லாம் வெள்ளைக்காரர்கள் வந்த பிறகு வேரூன்றியவையே.

தயிருக்கு உலக அளவில் மவுசு வந்தது இதற்கெல்லாம் பிறகுதான். 1905ல் ஸ்டாமன் கிரிகோரோவ் என்ற பல்கேரிய மாணவர் (ஆமாம், மாணவர்தான்!) தங்கள் ஊர்த் தயிரிலிருந்த பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார். பாரிசில் இருந்த மெச்னிகாஃப் அதைப் பிடித்துக்கொண்டு, புளித்த பால் ஆயுளை நீட்டிக்கும் என்று பிரசாரமே செய்தார். 1908ல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசு தயிருக்காக அல்ல, நோய் எதிர்ப்பு ஆராய்ச்சிக்காக. பலர் இதை மாற்றிச் சொல்கிறார்கள். 1933ல் பிராகிலுள்ள ஒரு பால் பண்ணை பழ ஜாம் சேர்த்த தயிருக்குக் காப்புரிமை வாங்கியது. 1935ல் ஜப்பானில் யாகுல்ட் வந்தது.

இங்கே ஒரு சிக்கல். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் 2001ல் கூட்டிய நிபுணர் குழுவின் வரையறைப்படி, போதுமான அளவில் உட்கொண்டால் உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர்தான் புரோபயாடிக். எந்த வகை என்று அடையாளம் தெரிந்து, நன்மை நிரூபிக்கப்பட்டிருக்கவும் வேண்டும். வீட்டுத் தயிரில் உயிருள்ள பாக்டீரியா ஏராளம், ஆனால் எந்த வகை என்று யாருக்கும் தெரியாது. ஆகவே அதை நல்ல உணவு என்று தாராளமாகச் சொல்லலாம். புரோபயாடிக் என்று சொல்வது கொஞ்சம் அவசரம்.

கொடைக்கானல் குளிரில் தயிர் தோய்வதே ஒரு பாடு. வெதுவெதுப்பான பாலில் உறையைக் கொஞ்சம் கூடுதலாக விட்டு, பாத்திரத்தைத் துணியில் சுற்றி அடுப்புக்குப் பக்கத்தில் வைக்க வேண்டியிருக்கும். பழத்தைத் தயிர் தோய்ந்த பிறகு சேர்ப்பதே நல்லது. தோல் கறுக்கத் தொடங்கிய மலைவாழையை மசித்து, இரண்டு பங்கு தயிர் விட்டு மத்தால் கடைந்தால் போதும், சர்க்கரை தேவைப்படாது. சூடாக்கினால் பாக்டீரியா செத்துவிடும். பச்சை அன்னாசியும் பப்பாளியும் மட்டும் வம்பு. அவற்றிலுள்ள நொதிகள் பால் புரதத்தைச் சிதைத்துக் கசப்பாக்கிவிடும் என்பதால் அடித்தவுடனே குடித்துவிட வேண்டும். வாழைக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதுவும் சாயங்காலத்துக்குள் கறுத்துப் புளித்துவிடும். டப்பா பஞ்சாமிர்தம் மாதிரி ஊருக்கு எடுத்துப்போக முடியாது.