செராம்பூர்த் தீயும் ‘இறைச்சித்தம்’ என்னும் சொல்லும்

1812 மார்ச் 11, மாலை. வங்காளத்தில் ஹூக்ளி ஆற்றங்கரையிலுள்ள செராம்பூரில் பாப்திஸ்து மிஷனின் அச்சுக்கூடம் தீப்பற்றியது. அப்போது வில்லியம் கேரி கல்கத்தாவில் இருந்தார். ஃபோர்ட் வில்லியம் கல்லூரியில் கற்பிப்பது அவர் பணி. மறுநாள் ஜோஷுவா மார்ஷ்மன் நேரில் சென்று செய்தியைச் சொன்னார். பல மொழிகளின் எழுத்துகள் உருகிப்போயின. பெருமளவு காகிதமும், தெலுங்கு, பஞ்சாபி இலக்கணங்களின் கையெழுத்துப் படிகளும் எரிந்தன. பல ஆண்டுகள் உழைத்துக் கேரி தொகுத்துவந்த பன்மொழி அகராதியும் சாம்பலாயிற்று.

அடுத்த ஞாயிறன்று கேரி சங்கீதம் 46:10ஐ எடுத்துப் பேசினார். நம்மைத் தம் விருப்பப்படி நடத்தக் கடவுளுக்குள்ள உரிமை, அதற்கு இணங்க வேண்டிய நம் கடமை என்பன அவ்வுரையின் இரு கூறுகள். இதனை மட்டும் வாசிப்போர் செயலற்ற சரணாகதி என்று எளிதில் முடிவு கட்டிவிடலாம். அதே நாட்களில் நடந்தவை வேறொன்றைக் காட்டுகின்றன. வில்லியம் வார்டு சாம்பலைக் கிளறி, எழுத்து வெட்டிய எஃகு முளைகளும் வார்ப்பு அச்சுகளும் பழுதின்றி இருக்கக் கண்டார். ஐந்து அச்சு எந்திரங்களும் தப்பியிருந்தன. அருகிலிருந்த கிடங்கில் வேலை மீண்டும் தொடங்கியது. உருகிய ஈயமே மறுபடி எழுத்தாக வார்க்கப்பட்டது. பஞ்சானன் கர்மகாரும் அவர் மருமகன் மனோகரும் வளர்த்த வங்காளக் கம்மியர் திறன் இன்றி அது இயன்றிராது. பஞ்சாபி இலக்கணம் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. தெலுங்கு இலக்கணம் 1814இல் வந்தது. பன்மொழி அகராதி மட்டும் மீளவே இல்லை.

ஆகவே, செராம்பூர் ஆவணங்களில் வரும் ‘இறைச்சித்தம்’ என்னும் சொல்லை, நேர்ந்ததற்குக் காரணம் கூறும் விளக்கமாக நான் வாசிப்பதில்லை. இழந்ததை எண்ணி உறைந்துவிடாமல் அடுத்த வேலையைத் தொடங்குவதற்கான ஒழுக்கமாகவே அது அவர்களுக்குப் பயன்பட்டது.

செராம்பூரே ஒரு திட்டம் தவறியதன் விளைவுதான். 1799 அக்டோபரில் வந்திறங்கிய மார்ஷ்மனும் வார்டும் கேரியிடம் சென்று சேர்வதாக இருந்தனர். கிழக்கிந்தியக் கம்பெனியின் எல்லைக்குள் அவர்களுக்கு இசைவு கிட்டவில்லை. டேனியர் ஆட்சியிலிருந்த செராம்பூர் புகலிடம் தந்தது. தாம் அமைத்திருந்த ஏற்பாடுகளைக் கைவிட்டு, 1800 ஜனவரியில் கேரியே அங்கு வந்து சேர்ந்தார்.

எனினும், இவ்வாசிப்புக்கு ஓர் எல்லை உண்டு. 1793இல் கம்பெனியின் உரிமம் இல்லாததால் கேரி இங்கிலாந்திலேயே கப்பலிலிருந்து இறக்கிவிடப்பட்டார். முதலில் உடன்வர மறுத்திருந்த மனைவி டாரதி, இடையில் கிடைத்த அவகாசத்தில் மனம் மாறிக் கைக்குழந்தையோடு டேனியக் கப்பலில் ஏறினார். கேரி அத்தடையில் கடவுளின் கருணையைக் கண்டார். டாரதிக்கோ, மறுத்த பயணமே வாய்த்தது. 1794இல் மகன் பீட்டர் இறந்தான். டாரதியின் மனநலம் குலைந்தது. 1807இல் இறக்கும்வரை அது மீளவில்லை. அதே தடையை அவர் எப்பெயரால் அழைத்திருப்பார்? கேரியின் கடிதங்களை நூல்களாக வாசிக்கிறோம். டாரதியின் குரலைப் பிறர் எழுதிய வரிகளில்தான் தேட வேண்டியிருக்கிறது.

மிஷன் வரலாற்றில் ஈடுபடும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்பிக்கையின் மொழியைப் போலி என்று தள்ளிவிடாதீர்கள். சாம்பலிலிருந்து ஓர் அச்சுக்கூடத்தை எழுப்பும் வலிமை அதற்கு இருந்தது. ஆனால் ‘இது இறைச்சித்தம்’ என்ற வரியைக் காணுந்தோறும், அதைச் சொன்னவர் யார், அதன் விலையைச் செலுத்தியவர் யார் என்ற இரு கேள்விகளையும் சேர்த்தே கேளுங்கள். தீயைப் பொறுத்தவரை சொன்னவரும் இழந்தவரும் ஒருவரே. ஆகவே அச்சொல் அங்கே முழு எடையுடன் நிற்கிறது. கப்பலைப் பொறுத்தவரை அவர்கள் இருவர்.