வாய் பேசாத விமானம்

1932-ஆம் வருஷம் அக்டோபர் 15-ஆம் தேதி அதிகாலையில், கராச்சியிலிருந்து ஜே. ஆர். டி. டாடா ஒரு சின்னஞ்சிறு 'புஸ் மாத்' விமானத்தில் தபால் பைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். ஆமதாபாத்தில் இறங்கினார், பெட்ரோல் டின்கள் மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தன. பிற்பகலில் பம்பாய் ஜுஹுவை அடைந்தார். அங்கே காத்திருந்த நெவில் வின்சென்ட் என்ற விமானி சென்னைத் தபாலை ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, இரவு பெல்லாரியில் தங்கி, மறுநாள் சென்னைக்கு வந்து சேர்ந்தார்.

இந்தக் கதையைச் சொல்லுகிறவர்கள் யாரும் அந்த மாட்டு வண்டியை விடுவதில்லை. பார்க்க வேடிக்கையாக இருக்கிறது அல்லவா? ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய அதிசயமாகத் தோன்றுவது வேறு. அந்த விமானத்தில் ரேடியோ கிடையாது. பெல்லாரியில் கிளம்பிய மனிதர் சென்னையில் இறங்கும் வரையில் உலகத்தோடு அவருக்கு எவ்விதப் பேச்சுவார்த்தையும் இல்லை. வழியில் மழை பிடித்துக்கொண்டால் அது எத்தனை தூரத்துக்கு என்று கேட்க ஆள் இல்லை. இயந்திரம் மக்கர் செய்து ஏதோ ஒரு வயலில் இறங்க நேர்ந்தால், மாட்டுக்காரப் பையன்தான் முதல் சாட்சி. ரயில் பாதையையும் ஆற்றையும் பார்த்துக்கொண்டே வழி கண்டுபிடித்தார்கள்.

இத்தனைக்கும் சென்னைக்கு ரேடியோ புதிதல்ல. 1924-ஆம் வருஷம் ஜூலை 31-ஆம் தேதியே சென்னை மாகாண ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டது. காதில் குழாயை மாட்டிக்கொண்டு சங்கீதம் கேட்ட கனவான்கள் அப்போதே இங்கே இருந்தார்கள். விமானத்துக்கும் அது அந்நியமல்ல. 1910-ஆம் வருஷத்திலேயே மெக்கர்டி என்ற கனடாக்காரர் நியூயார்க்குக்கு அருகில் பறந்துகொண்டே கம்பியில்லாத் தந்தி அனுப்பிவிட்டார். பிறகு ஏன் இருபத்திரண்டு வருஷம் கழித்தும் வின்சென்ட் வாய் பேசாமல் வந்தார்?

காரணம் பல. முதலாவது கனம். அக்காலத்து ரேடியோவும் அதன் பாட்டரியும் சேர்ந்து ஒரு பிரயாணியின் எடையை எட்டிவிடும். அந்த இடத்தில் தபால் ஏற்றினால் காசு வரும். இரண்டாவது மின்சாரம். அந்தச் சிறு விமானங்களில் பெரும்பாலானவற்றில் ஜெனரேட்டரே கிடையாது. வேண்டுமானால் வெளியே ஒரு குட்டிக் காற்றாடியைப் பொருத்தி, பறக்கும் வேகத்தில் அது சுழன்று மின்சாரம் கொடுக்கும்படி செய்வார்கள். மூன்றாவது ஏரியல். அந்நாளில் ஐரோப்பாவில் விமானங்கள் உபயோகித்த அலையின் நீளம் 900 மீட்டர். அதற்கு ஏற்ற கம்பியை முப்பது, நாற்பது அடி இறக்கையில் எங்கே கட்டுவது? ஆகவே நூற்றுக்கணக்கான அடி நீளமுள்ள கம்பியின் நுனியில் ஈயக் குண்டைக் கட்டி, பறக்கும்போது வாலுக்குப் பின்னால் தொங்கவிடுவார்கள். இறங்குவதற்கு முன் மறக்காமல் சுற்றி இழுத்துக்கொள்ள வேண்டும்.

இவையெல்லாம் கூடப் பெரிதல்ல. உண்மையான விரோதி விமானத்தின் வயிற்றுக்குள்ளேயே இருந்தது. அந்தக் காலத்து நான்கு சிலிண்டர் 'ஜிப்ஸி' இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக். நிமிஷத்துக்கு 2,000 சுற்று சுற்றினால், எட்டுப் பிளக்குகளிலும் சேர்ந்து நிமிஷத்துக்கு 8,000 மின்பொறிகள் பறக்கின்றன. மார்க்கோனி முதன் முதலில் கம்பியில்லாத் தந்தி அனுப்பியதே மின்பொறியைக் கொண்டுதான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதாவது அந்த இயந்திரம் தானே ஒரு முரட்டு ஒலிபரப்பு நிலையம்! விமானியின் காதில் தரையிலிருந்து வரும் குரல் விழாது. தன் இயந்திரத்தின் 'படபட'ப்புத்தான் விழும். பேசுவது ஒரு மாதிரி சாத்தியம், கேட்பதுதான் கஷ்டம். மெக்கர்டி செய்தி அனுப்பினார் என்று சரித்திரம் கொண்டாடுகிறதே, அவருக்குப் பதில் கேட்டதா என்று யாரும் விசாரிப்பதில்லை.

கேட்காமற் போனால் என்ன ஆகும் என்பதற்கு அமீலியா இயர்ஹார்ட்டின் முடிவைவிடத் துயரமான சாட்சி வேண்டியதில்லை. 1937 ஜூன் மாதம் கராச்சியிலும் கல்கத்தாவிலும் இறங்கிவிட்டுப் போன வீராங்கனை அவர். அவருடைய விமானம் சின்ன மாத் அல்ல. இரட்டை இயந்திரம் பூட்டிய 'எலெக்ட்ரா'. ரேடியோ இருந்தது. ஆனால் தொங்கவிடும் நீண்ட கம்பியைத் தொந்தரவு என்று எண்ணி மயாமியிலேயே விட்டுவிட்டார்கள். ஜூலை 2-ஆம் தேதி பசிபிக் சமுத்திரத்தில் ஹௌலாந்து தீவைத் தேடியபோது, அங்கே காத்திருந்த 'இடாஸ்கா' கப்பலில் அவருடைய குரல் பலமாகக் கேட்டது. கப்பல்காரர்கள் திருப்பிப் பேசிய பேச்சு அவருக்குக் கேட்கவில்லை. அவரையும் அவருடன் சென்ற நூனனையும் அதற்குப் பிறகு யாரும் காணவில்லை. ரேடியோ இருப்பது வேறு, அது சரியாகப் பொருந்தியிருப்பது வேறு.

பிறகு யுத்தம் வந்தது. 1940-ஐ ஒட்டிப் பிரிட்டிஷ் சண்டை விமானங்கள் மிகக் குறுகிய அலைகளுக்கு மாறின. இரைச்சல் குறைந்தது, குரல் தெளிவாயிற்று, ஈயக் குண்டுக்கும் நூறடிக் கம்பிக்கும் வேலை போயிற்று. அந்த யுத்தத்தின் அடையாளம் ஒன்று இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்ப்பேட்டையில் கிடக்கிறது: அப்போது போட்ட விமான ஓடுதளம். உலர்ந்த மானாவாரிப் பூமியின் நடுவே அதைப் பார்க்கிறவர்களுக்கு, இங்கே என்ன விமானம் என்று தோன்றும். சென்னையிலிருந்து திருச்சிக்குப் பறக்கும் நேர்வழிக்கு மிக அருகில் இருக்கிறது அது. டாடா தபால் விமானங்கள் 1938-இல் திருச்சி வழியாகக் கொழும்புக்குப் போகத் தொடங்கிய திசையும் இதுவே.

அந்த நாளைய விமானங்களில் சில இன்றும் உலகில் பறக்கின்றன. நம் தேசத்திலும் விமானப்படை ஒரு பழைய 'டைகர் மாத்'தைப் புதுப்பித்துப் பறக்கவிட்டிருக்கிறது. 1958-இல் முதன்முதலாகப் பறந்த நம் 'புஷ்பக்' விமானமும் துணி போர்த்திய பழங்காலத்துப் பேர்வழிதான். இன்று ஒரு பெரிய விமான நிலையத்தை நெருங்க வேண்டுமானால் ரேடியோ இல்லாமல் முடியாது. விளக்கைக் காட்டி அனுமதி கொடுப்பதும், விமானி இறக்கையை ஆட்டி 'சரி' என்பதும் இப்போது ஆபத்துக் கால ஏற்பாடாகிவிட்டன. ஆகவே கிழவிக்குக் கம்மல் போடுவது போல, பழைய விமானத்துக்கு ரேடியோ பூட்டுகிறார்கள்.

அசல் உருவம் கெட்டுப்போகிறது என்று முணுமுணுக்கும் பழமைப் பிரியர்கள் உண்டு. நான் அவர்கள் கட்சி அல்ல. கருவிப் பலகையில் ஓட்டை போடாமல், வேண்டாதபோது கழற்றும்படி வைத்தால் எந்த அழகும் குறைந்துவிடாது. இப்போது ரேடியோ உள்ளங்கை அகலம்தான்; கனம் என்ற பேச்சே இல்லை. ஆயினும் வேலை ஒரு மணியில் முடிவதல்ல. ஜெனரேட்டர் இல்லாததால் மூடிய பாட்டரி ஒன்றை வைக்க வேண்டும். அதை வைக்கும் இடத்தைப் பொறுத்து விமானத்தின் எடைச் சமநிலை மாறும், மறுபடி கணக்குப் பார்க்க வேண்டும். ஏரியல் இப்போது சுமார் 60 சென்டிமீட்டர் குச்சிதான். ஆனால் அதன் அடியில் உலோகப் பரப்பு இருக்க வேண்டும். மரமும் துணியுமான விமானத்தில் அது ஏது? உள்ளே செப்புத் தகட்டைப் பரப்பி ஒட்டுகிறார்கள். பிளக்குகளுக்குப் போகும் கம்பிகளையெல்லாம் பின்னிய உலோக உறைக்குள் நுழைத்து, உறையை இயந்திரத்தோடு இறுக்கிக் கட்டுகிறார்கள். அந்த 8,000 பொறிகளும் உறைக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும்.

டைகர் மாத்தில் இன்னொரு தொல்லை, திறந்த இருக்கை. முன்னிருக்கைக்காரரும் பின்னிருக்கைக்காரரும் பேசிக்கொள்ள, வெறும் ரப்பர்க் குழாய் ஒன்றுதான் அந்நாளில் இருந்தது. அதில் ஆசிரியர் மாணவனைத் திட்டியது மட்டும் தெளிவாகக் கேட்டிருக்கும் என்று நினைக்கிறேன். காற்று வீசும் இடத்தில் ரேடியோ மைக்கை வைத்தால் தரையிலிருப்பவர்களுக்குப் புயல்தான் கேட்கும். உதட்டை ஒட்டினாற்போல் வைத்து, காற்றிரைச்சலைத் தள்ளிவிடும் மைக் வேண்டும்.

எல்லாம் முடிந்த பிறகும் ஒன்று பாக்கி. ரேடியோவுக்கு ஓடும் மின்சாரமும் அதிலுள்ள காந்தமும் பக்கத்திலிருக்கும் திசைகாட்டியைத் தடுமாற வைக்கும். ஆகையால் விமானத்தைத் தரையில் வெவ்வேறு திசைகளுக்குத் திருப்பி நிறுத்தி, ரேடியோவைப் போட்டும் அணைத்தும், முள் எத்தனை பாகை பிசகுகிறது என்று அட்டையில் குறித்து விமானியின் கண்ணெதிரே ஒட்டிவிடுகிறார்கள். வழி கேட்பதற்காக வைத்த கருவி வழியைத் தப்பவிடக் கூடாது அல்லவா?

இப்படிச் சரியாகப் பூட்டிய ரேடியோவுக்கும் ஓர் எல்லை உண்டு. இந்த அலை ஏறக்குறையக் கண்பார்வை போல நேராகத்தான் போகும். கள்ளக்குறிச்சிக்கு மேலே பறக்கும் விமானி திருச்சியைக் கூப்பிட வேண்டுமானால், நேர்தூரம் சுமார் 110 கிலோமீட்டர். 2,500 அடி உயரம் இருந்தாலே பேசலாம். சென்னை மீனம்பாக்கத்தைக் கூப்பிடச் சுமார் 7,000 அடிக்கு ஏற வேண்டும். மேற்கே சேலம் நிலையமோ திருச்சியைவிடக் கிட்டத்தில் இருக்கிறது. ஆனால் நடுவே கல்வராயன் மலை நிற்கிறது. பெரிய கல்வராயன் பகுதி 4,000 அடி உயரம் என்கிறார்கள். 1976 வரையில் ஜாகீர்தார்கள் ஆதிக்கத்தில் இருந்த மலை அது. சர்க்கார் சட்டமே அங்கே மெதுவாகத்தான் ஏறிற்று. 2,500 அடியில் பறந்தபடி சேலத்தைக் கூப்பிட்டால் குரல் மலையில் மோதிக்கொண்டு நின்றுவிடும்.

குரல் எப்படிக் கேட்கிறது என்பதற்கு விமானிகள் 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுகிறார்கள். 5 என்றால் முழுத் தெளிவு. உளுந்தூர்ப்பேட்டைக்கு மேலே திருச்சியிடம் 5 வாங்கிய விமானி, மலையை நெருங்கித் தாழப் பறந்து சேலத்தைக் கூப்பிட்டால் 1 வாங்கினாலும் அதிசயமில்லை. அப்போது ரேடியோவைத் தட்டிப் பார்த்துப் பிரயோஜனமில்லை. விசையைக் கூட்டி, இன்னும் இரண்டாயிரம் அடி ஏறிவிட்டு மறுபடி கூப்பிட வேண்டும்.