சொல்லே இணைப்பான வரலாறு

ஆவணங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் எண்ணம் இணையத்துக்கு மிகவும் முந்தியது. 1945 ஜூலை மாத 'அட்லாண்டிக் மந்த்லி' இதழில் வனிவர் புஷ் எழுதிய கட்டுரையில் மீமெக்ஸ் என்ற மேசை எந்திரம் வருகிறது. மைக்ரோஃபிலிமில் பதிந்த இரு பக்கங்களைக் குறியீடு இட்டு இணைத்துவிட்டால், பிறகு ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவலாம் என்பது அவர் கனவு. அந்த எந்திரம் கட்டப்படவேயில்லை. இத்தகைய எழுத்துமுறைக்கு 'ஹைப்பர்டெக்ஸ்ட்' என்ற பெயரை 1965-இல் டெட் நெல்சன் வெளியிட்டார். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட், மவுஸால் சொடுக்கி ஆவணம் விட்டு ஆவணம் தாவுவதைச் செய்தே காட்டினார்.

படிப்பவர் திரையில் எதைத் தொட வேண்டும் என்பது அப்போது முடிவாகவில்லை. பல அமைப்புகளில் இணைப்புகள் தனிப் பட்டியலாகவோ எண்களாகவோ இருந்தன. 1983-இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பென் ஷ்னைடர்மன் தொடங்கிய ஹைப்பர்டைஸ் என்ற அமைப்பு, வாக்கியத்தில் இருக்கும் சொல்லையே ஒளிரவைத்து அதையே இணைப்பாக்கியது. கண் வரியைவிட்டு விலக வேண்டியதில்லை. சொல்லையே இணைப்பாக்கியதுதான் இந்த வரலாற்றின் அருமையான தீர்மானம்.

ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1990-இல் எழுதிய, உலகளாவிய வலையின் முதல் உலாவியில் படிக்கவும் முடிந்தது, எழுதவும் முடிந்தது. சேர வேண்டிய பக்கத்தைக் குறித்துக்கொண்டு, எழுதும் பக்கத்துக்கு வந்து ஒரு சொல்லைத் தேர்ந்து 'குறித்ததோடு இணை' என்ற கட்டளையைக் கொடுத்தால் போதும். நெல்சன் இரு பக்கங்களும் ஒன்றையொன்று அறியும் இருவழி இணைப்பை விரும்பினார். பெர்னர்ஸ்-லீ ஒருவழியோடு நிறுத்திக்கொண்டார். யாரிடமும் அனுமதி கேட்காமல் எந்தப் பக்கத்துக்கும் இணைப்புக் கொடுக்க முடிந்ததால் வலை வேகமாகப் பரவியது. போய்ச் சேரும் பக்கம் நீக்கப்பட்டால் இணைப்பு அறுந்துவிடும் என்பது அதற்குக் கொடுத்த விலை.

1993-இல் வந்த மொசைக் உலாவி நீல நிறத்தையும் அடிக்கோட்டையும் பழக்கமாக்கியது. ஆனால் அது படிப்பதற்கு மட்டுமே. எழுதுபவர்கள் ஹெச்டிஎம்எல் குறிகளைக் கையால் தட்டச்சு செய்தார்கள். சொல்லுக்கு முன்னால் 'ஏ' என்ற குறியும் முகவரியும், பின்னால் மூடும் குறியும் வர வேண்டும். மூட மறந்தால் அடுத்து வரும் வரிகளும் நீலமாகிவிடும். எழுதுவதில் மட்டும் தேர்ந்தவர்களுக்கு இது பெரிய தடையாக இருந்தது.

அந்தத் தடையைத் தளர்த்த முயன்றவர்களில் முக்கியமானவர் வார்டு கன்னிங்ஹாம். 1995-இல் அவர் தொடங்கிய விக்கி என்ற வலைத்தளத்தில், பெரிய எழுத்தில் தொடங்கும் ஆங்கிலச் சொற்களை இடைவெளியின்றி ஒட்டி எழுதினாலே இணைப்பு உருவாகும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் இல்லாத தமிழுக்கு அது உதவாது. 2001-இல் தொடங்கிய விக்கிப்பீடியா விரைவிலேயே இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்கு மாறியது. 2003-இல் பிறந்த தமிழ் விக்கிப்பீடியாவுக்கு அதுவே வழியானது. வேற்றுமை ஏறும்போது சொல்லின் வடிவம் மாறுவதையும் அந்த முறை சமாளிக்கிறது: [[மரம்|மரத்தில்]] என்று எழுதினால் படிப்பவருக்கு 'மரத்தில்' தெரியும், சொடுக்கினால் 'மரம்' என்ற பக்கம் திறக்கும்.

2004-இல் ஜான் குரூபர் வெளியிட்ட மார்க்டவுன் என்ற குறிமுறை, சொல்லைச் சதுர அடைப்புக்குள்ளும் முகவரியை அதையடுத்த பிறை அடைப்புக்குள்ளும் வைத்தது. இன்று கூகுள் டாக்ஸ், வேர்ட்பிரஸ் போன்றவற்றில் எந்தக் குறியும் தேவையில்லை. சொல்லைத் தேர்ந்து, கண்ட்ரோல் விசையோடு 'கே'-யை அழுத்தி, முகவரியை ஒட்டினால் வேலை முடிந்தது. தமிழில் பெயரிட்ட பக்கத்தின் முகவரியை நகலெடுத்தால் அது பெரும்பாலும் சதவீதக் குறிகளும் எழுத்துகளும் எண்களும் கலந்த தொடராக விரிந்துவிடும்; 'மதுரை' என்ற மூன்றெழுத்துச் சொல்லே 45 குறிகளாகும். அத்தனை நீளமும் ஒரு சொல்லுக்குப் பின்னே அடங்கிவிடுவதால், வாசிப்பு தடைபடுவதில்லை.