2.0: ஒரே படம், இரண்டு தீர்ப்பு

ஒரு படம் வெற்றி பெற்று அதன் இரண்டாம் பாகம் வரும்போது, ரசிகர்கள் இரண்டு அணியாகப் பிரிவது வழக்கம். தமிழில் அந்தப் பிரிவை மிகத் தெளிவாகக் காட்டிய அறிபுனைப் படம் இயக்குநர் ஷங்கரின் ‘2.0’. 2018 நவம்பர் 29ஆம் தேதி திரைக்கு வந்த இந்தப் படத்தைத் தமிழ்த் திரையின் பெரிய பாய்ச்சல் என்று கொண்டாடியவர்களும் உண்டு. ‘எந்திரன்’ தந்த நிறைவை இது தரவில்லை என்று வருந்தியவர்களும் உண்டு. இரு தரப்பும் ஒரே காட்சிகளைப் பார்த்துத்தான் இந்த முடிவுகளுக்கு வந்தன.

இந்தக் கருத்து வேறுபாட்டை வெறும் ரசனை வேறுபாடு என்று ஒதுக்கிவிட முடியாது. ஓர் அறிபுனைப் படம் என்ன செய்ய வேண்டும், அது சொல்லும் அறிவியலை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற இரண்டு கேள்விகள் அதற்குள் அடங்கியிருக்கின்றன.

எட்டு ஆண்டு எதிர்பார்ப்பு

‘எந்திரன்’ 2010 அக்டோபர் முதல் தேதி வெளியானது. அதன் பாடல் வெளியீட்டு விழா அதே ஆண்டு ஜூலை 31ஆம் தேதி மலேசியாவின் புத்ராஜெயா அனைத்துலக மாநாட்டு மையத்தில் நடைபெற்றதால், மலேசிய ரசிகர்களுக்கு அந்தப் படத்தின்மீது தனி ஒட்டுதல் உண்டு. ரஜினிகாந்த் விஞ்ஞானி வசீகரனாகவும் சிட்டி என்ற எந்திர மனிதனாகவும் நடித்திருந்தார். சிறந்த சிறப்புக் காட்சிகள், சிறந்த கலை வடிவமைப்பு ஆகிய இரு பிரிவுகளில் அது இந்தியத் தேசிய விருதுகளைப் பெற்றது.

இரண்டாம் பாகத்தை லைக்கா நிறுவனம் தயாரித்தது. செலவு 500 கோடி ரூபாயைத் தாண்டியதாகப் பரவலாகச் செய்திகள் வெளியாயின. இந்தி நடிகர் அக்‌ஷய் குமார், பட்சிராஜன் என்ற பறவை ஆய்வாளராக வந்தார். எமி ஜாக்சன் நிலா என்ற எந்திரப் பெண்ணாக நடித்தார். ஏ.ஆர்.ரஹ்மான் இரு படங்களுக்கும் இசையமைத்தார். வரைகலைப் பணிகள் முடியத் தாமதமானதால் வெளியீடு பலமுறை தள்ளிப்போனது. ஒவ்வொரு முறை தள்ளிப்போனபோதும் எதிர்பார்ப்பு ஏறிக்கொண்டே வந்தது.

பாராட்டியவர்கள் சொன்னது

படத்தைப் புகழ்ந்தவர்கள் முதலில் சுட்டியது அதன் காட்சி அனுபவத்தை. சாதாரணமாக எடுத்துப் பின்னர் முப்பரிமாணத்திற்கு மாற்றாமல், முப்பரிமாணக் கேமராக்களாலேயே நேரடியாகப் படமாக்கினார்கள். ஒலி வடிவமைப்பாளர் ரசூல் பூக்குட்டி, சில திரையரங்குகளில் இருக்கைகளுக்கு அடியிலிருந்தும் ஒலி எழும் வகையில் புதிய முறையைக் கொண்டுவந்தார். சென்னை நகரத்தின் கைப்பேசிகள் எல்லாம் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு வானில் பறக்கும் தொடக்கக் காட்சியும், அவையே இணைந்து ஒரு மாபெரும் பறவையாக உருவெடுக்கும் காட்சியும் இந்தத் தரப்பினர் மறக்காதவை.

இரண்டாவது காரணம் கருப்பொருள். வில்லனுக்கு உலகத்தை ஆளும் ஆசை இல்லை. அழிந்துவரும் பறவைகளுக்காக நீதிமன்றம் வரை போராடித் தோற்ற ஒரு முதியவர், கைப்பேசிக் கோபுரத்தில் தூக்குப் போட்டுக்கொள்கிறார். அதன் பிறகே கதையின் பயங்கரம் தொடங்குகிறது. இந்தியப் பறவையியலின் முன்னோடி சலீம் அலியின் தோற்றத்தைப் பட்சிராஜன் நினைவூட்டினார். மறைந்த நா.முத்துக்குமாரின் வரிகளில் அமைந்த ‘புள்ளினங்காள்’ பாடல் வரும் பகுதியைப் படத்தின் உயிர் என்று பலரும் கருதினர்.

குறை கண்டவர்கள் சொன்னது

எதிர்த்தரப்பின் முதல் மனக்குறை எழுத்து. ‘எந்திரன்’ படத்தின் வசனத்தில் எழுத்தாளர் சுஜாதாவுக்குப் பெரும்பங்கு இருந்தது. அவர் 2008 பிப்ரவரியில் காலமானார். இரண்டாம் பாகத்தில் ஷங்கருடன் எழுத்தாளர் ஜெயமோகன் வசனப் பணியில் இணைந்தார். சுஜாதாவின் குறும்பும், கடினமான அறிவியலை ஒரே வரியில் புரியவைக்கும் எளிமையும் இதில் இல்லை என்பது பலருடைய கருத்து.

உறவுகள் குறைந்துவிட்டன என்பது இரண்டாவது மனக்குறை. முதல் படத்தில் வசீகரன், சனா, சிட்டி மூவருக்கும் இடையிலான இழுபறிதான் கதையை நகர்த்தியது. 2.0 படத்தில் சனா தொலைபேசிக் குரலாக மட்டுமே வருகிறார். பெரு நாட்டின் மச்சு பிச்சுவில் எடுத்த ‘கிளிமஞ்சாரோ’ போன்ற பாடல் காட்சிகளை எதிர்பார்த்துச் சென்றவர்களுக்கு, ‘எந்திர லோகத்து சுந்தரியே’ பாடல் படம் முடிந்து பெயர்கள் ஓடும்போதுதான் கிடைத்தது. கதை சிதறாமல் இருக்கப் பாடல்களைக் குறைத்தது சரியே என்று முதல் தரப்பு வாதிட்டது.

மூன்றாவது, அறிவியலும் ஆவியும் கலந்த விதம். இறந்தவரின் ஆற்றல் கைப்பேசிகளை இயக்குவதற்குப் படம் ‘ஒளிவட்டம்’, ‘எதிர்மறை ஆற்றல்’ என்று விளக்கம் தருகிறது. கேட்க அறிவியல் போல இருந்தாலும் இது அடிப்படையில் பேய்க்கதைதானே என்று இந்தத் தரப்பு கேட்டது.

சிவப்புச் சில்லு எழுப்பும் கேள்வி

இரு பாகங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால், கருத்துப் பிளவின் வேர் ஒரு சிறிய பொருளில் இருப்பது தெரியும். அது சிட்டிக்குள் பொருத்தப்படும் சிவப்புச் சில்லு.

‘எந்திரன்’ படத்தின் சிக்கல் எந்திரத்திற்கு உள்ளேயே பிறக்கிறது. தீ விபத்திலிருந்து ஒரு பெண்ணை மீட்கும் சிட்டிக்கு, அவள் குளித்துக்கொண்டிருந்த கோலத்திலேயே கூட்டத்தின் முன் கொண்டுவந்தது ஏன் தவறு என்று புரிவதில்லை. அவமானத்தில் ஓடும் அந்தப் பெண் வாகனத்தில் அடிபட்டு இறக்கிறாள். அதன் விளைவாகவே வசீகரன் அதற்கு உணர்ச்சிகளைக் கற்றுத்தருகிறார். உணர்ச்சி காதலாகிறது, காதல் மறுக்கப்பட்டதும் சிட்டி தடம் மாறுகிறது, போரா பொருத்தும் சிவப்புச் சில்லு அதை அழிவு சக்தியாக்குகிறது. இறுதியில் நீதிமன்ற ஆணைப்படி சிட்டி தன்னைத் தானே கழற்றிக்கொள்கிறது. சிந்திக்கும் எந்திரத்தை உருவாக்கலாமா என்ற கேள்வியுடன் படம் முடிகிறது.

2.0 படத்தில் சிக்கல் வெளியிலிருந்து வருகிறது. அதைச் சமாளிக்கச் சிட்டியை மீண்டும் இயக்க வேண்டும். பட்சிராஜனின் ஆவி வசீகரனின் உடலில் புகுந்துகொள்ள, தன்னைப் படைத்தவரைத் தாக்க மனமில்லாமல் நல்ல சிட்டி தோற்கிறது. அப்போது நிலா அதே சிவப்புச் சில்லைப் பொருத்துகிறாள். முதல் பாகத்தின் நோய் இரண்டாம் பாகத்தின் மருந்தாகிறது.

கொண்டாட்டத்திற்காக வந்த ரசிகருக்கு இது கைதட்ட வேண்டிய இடம். பழைய மிடுக்கோடு 2.0 திரும்பிவிட்டதே! முதல் படத்தின் கேள்வியை மனத்தில் சுமந்து வந்தவருக்கோ இது ஏமாற்றம். அத்தனை பேரழிவு செய்த எந்திரத்தை மீண்டும் அவிழ்த்துவிடுவது சரியா என்று படம் நின்று யோசிக்கவில்லை. ஒரே காட்சி இரண்டு தீர்ப்புகளைப் பெற்றது இப்படித்தான்.

இந்தத் திருப்பத்தை வேறு விதமாகக் கையாண்ட படம் ஜேம்ஸ் கேமரூன் இயக்கிய ‘டெர்மினேட்டர் 2’. 1984ஆம் ஆண்டுப் படத்தில் கொல்ல வந்த எந்திரமாக நடித்த அர்னால்ட் சுவார்ஸ்நேகர், 1991ஆம் ஆண்டுத் தொடர்ச்சியில் காக்க வந்தார். ஆனால் அந்த மாற்றமே அங்கே கதையின் முதுகெலும்பு. கொல்லக் கூடாது என்று ஒரு சிறுவன் எந்திரத்திற்குக் கற்றுத்தருகிறான். அது கற்றுக்கொள்வதைப் பார்வையாளர் படிப்படியாகப் பார்க்கிறார். 2.0 அந்த வாய்ப்பைத் தொட்டுவிட்டு, அடுத்த சண்டைக்கு நகர்ந்துவிடுகிறது.

குருவியும் கைப்பேசியும்: உண்மை என்ன?

படம் வெளியாகும் முன்பே ஒரு சர்ச்சை எழுந்தது. கைப்பேசிகளையும் கோபுரங்களையும் பற்றி அறிவியலுக்குப் புறம்பான அச்சத்தைப் பரப்புவதாக, இந்தியக் கைப்பேசிச் சேவை நிறுவனங்களின் சங்கம் தணிக்கை வாரியத்திடம் புகார் அளித்தது. வணிக நலன் உள்ளவர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று ரசிகர்கள் பலர் ஒதுக்கினர். ஆயினும் கேள்வியை ஆதாரங்களோடு பார்ப்பது பயனுள்ளது.

கைப்பேசிகள் பயன்படுத்தும் வானொலி அலைகள், எக்ஸ்-கதிர் போல அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிய்க்கும் ஆற்றல் கொண்டவை அல்ல. அதற்காக ஆய்வே தேவையில்லை என்று யாரும் சொல்லவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011இல் இந்த அலைகளை, ‘புற்றுநோயை உண்டாக்க வாய்ப்பு இருக்கலாம்’ என்ற பிரிவில் வைத்தது. ஆதாரம் போதுமான அளவு இல்லாதபோது தரப்படும் வகைப்பாடு அது. 2012 செப்டம்பர் முதல் இந்தியா, கோபுரங்களுக்கான கதிர்வீச்சு வரம்பை அனைத்துலகப் பரிந்துரையில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது.

பறவைகள் குறித்து 2014இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு முக்கியமான ஆய்வு வெளியானது. நகரத்து மின்காந்த இரைச்சல், ஐரோப்பிய ராபின் பறவைகளின் திசையறியும் திறனைக் குலைப்பதாக ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டனர். ஆனால் பாதிப்பு தெரிந்தது 5 மெகாஹெர்ட்சுக்குக் கீழான அலைகளில். கைப்பேசி அலைகள் அதைவிடப் பன்மடங்கு உயர்ந்த அதிர்வெண் கொண்டவை.

குருவிகளைப் பற்றி, 2020இல் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை வியப்பான தகவலைத் தந்தது. நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் சிட்டுக்குருவிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது. சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் குறைந்திருக்கிறது. கைப்பேசிக் கோபுரங்களைக் காரணமாகக் காட்ட ஆதாரம் இல்லை என்றும் அது குறிப்பிட்டது. ஓட்டு வீடுகள் மறைந்து கூடு கட்ட இடமில்லாமல் போனதும், குஞ்சுகளுக்கு ஊட்டப் பூச்சிகள் கிடைக்காததும் காரணமாக முன்வைக்கப்படுகின்றன. தானியம் தின்னும் குருவியும் தன் குஞ்சுக்கு முதல் நாள்களில் பூச்சியையே ஊட்டுகிறது.

ஆக, பட்சிராஜனின் துயரம் நியாயமானது. அவர் காட்டும் குற்றவாளியை ஆதாரங்கள் உறுதிப்படுத்தவில்லை. இந்த வேறுபாடு முக்கியமானது. கைப்பேசியை அணைத்துவிட்டால் குருவி திரும்பிவிடும் என்று நம்பினால், தோட்டத்தில் மருந்தடிப்பதையும் மரங்களை வெட்டுவதையும் நாம் கவனிக்கத் தவறிவிடுவோம்.

எங்கே பார்த்தோம் என்பதும் காரணம்

முப்பரிமாணத் திரையில் பார்த்தவருக்கும் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தவருக்கும் கிடைத்தது ஒரே அனுபவம் அல்ல. ஆழத்தையும் பேருருவையும் நம்பி அமைத்த காட்சிகள் சிறு திரையில் சுருங்கிவிடுகின்றன. இறுதியில் காற்பந்து அரங்கில் நடக்கும் நீண்ட சண்டையில் இது நன்றாகத் தெரியும். கதையை நம்பி நின்ற ‘எந்திரன்’ எந்தத் திரையிலும் அதிகம் இழப்பதில்லை. பிற்காலத்தில் வீட்டில் பார்த்தவர்களிடம் 2.0 பற்றிய குறைகள் கூடுதலாகக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பள்ளிப் பிள்ளைகளுடன் இப்படத்தைப் பார்க்கும் பெற்றோர், முடிந்தால் முதல் பாகத்தையும் சேர்த்துக் காட்டலாம். சிவப்புச் சில்லை மீண்டும் பொருத்தியது சரியா, பட்சிராஜன் சொன்னதில் எது உண்மை, எது கற்பனை என்று கேட்டால் நல்ல உரையாடல் பிறக்கும். மலேசியா, சிங்கப்பூர் நகரங்களில் நாம் அன்றாடம் காணும் குருவி, இந்தியச் சிட்டுக்குருவியின் நெருங்கிய உறவான வேறோர் இனம். அதன் கன்னத்தில் ஒரு கரும்புள்ளி இருக்கும். உணவங்காடி மேசைக்கருகே அது வந்து அமரும்போது பிள்ளைகளுக்குக் காட்டலாம்.