பாண்டிங்கின் எடைக் கணக்கு

1862-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், இலண்டன் மாநகரில் பெரியவர் ஒருவர் தம் காது சரியாகக் கேட்கவில்லை என்று வைத்தியரைத் தேடிச் சென்றார். அவர் நாடிய காது வைத்தியர் விடுமுறையில் வெளியூர் போயிருந்தார். ஆதலின் வேறொருவரிடம் போக நேர்ந்தது. அந்த ஒரு விடுமுறை, உடற்பருமனைக் குறைக்க மனிதன் செய்து வந்த முயற்சியின் வரலாற்றையே திருப்பி விட்டது என்றால் வாசகர்கள் வியப்படையலாம்.

அப்பெரியவரின் பெயர் வில்லியம் பாண்டிங். 1796-இல் பிறந்தவர். மாண்டோரின் இறுதி ஊர்வலத்தை முறைப்படி நடத்திக் கொடுப்பது அவர் குடும்பத் தொழில். பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் இறுதிச் சடங்குகளே அக்குடும்பத்தாரின் பொறுப்பில் நடந்தன என்றால் அவர்தம் மதிப்பு விளங்கும். செல்வத்திற்குக் குறைவில்லை. குறையெல்லாம் உடம்பில்தான் இருந்தது. உயரம் 5 அடி 5 அங்குலம். எடையோ 202 இராத்தல், அதாவது ஏறக்குறைய 92 கிலோ. குனிந்து தம் பாதரட்சையின் கயிற்றை முடிய அவரால் இயலாது. மாடிப்படியில் இறங்கும்போது முழங்கால் மூட்டுகள் பாரந்தாங்க மாட்டாமையால், முகத்தை மேற்புறமும் முதுகைக் கீழ்ப்புறமும் வைத்துப் பின்னோக்கியே இறங்குவாராம். இதைப் படித்தபோது நான் புத்தகத்தைச் சற்று நேரம் மூடி வைத்துவிட்டேன். கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, மாணவர்கள் பார்க்கிறார்களா என்று நோக்கியபடி ஒவ்வொரு படியாக இறங்கும் தலைமையாசிரியர் ஒருவரை நான் மிக நன்றாக அறிவேன்.

பாண்டிங் சோம்பேறியல்லர், முயற்சி செய்யாதவருமல்லர். அவருடைய பெற்றோர் இருவருமே பருமனானவர்கள் அல்லர். முப்பது வயதுக்குப் பிறகே அவருக்கு உடம்பு பெருக்கத் தொடங்கியது. அன்று முதல் முப்பதாண்டுகளுக்கு மேல் அவர் செய்து பார்க்காத வைத்தியமில்லை. அதிகாலையில் எழுந்து இரண்டு மணி நேரம் படகு வலித்தார். தசை வலுப்பெற்றது உண்மை. ஆனால் பசியும் அதற்கு மேல் வளர்ந்தது. பசிக்கு உண்டார், எடை ஏறிற்று. படகை விட்டுவிடும்படி வைத்தியரே சொல்லிவிட்டார். குதிரைச் சவாரி, கடற்காற்று, ஊற்று நீர் ஊர்கள், மருந்து நீர் என ஒவ்வொன்றாக முயன்றார். துருக்கி நீராவிக் குளியல் மட்டும் ஐம்பது முறை. ஐம்பது குளியலுக்கும் சேர்த்துக் குறைந்தது 6 இராத்தல்!

அவர் இரண்டாவதாகச் சென்று கண்ட காது வைத்தியரே டாக்டர் வில்லியம் ஹார்வி. (இரத்த ஓட்டத்தைக் கண்டறிந்த ஹார்வி இவருக்கு இருநூறாண்டு முற்பட்டவர், பெயர் ஒற்றுமையால் மயங்க வேண்டாம்.) காதில் தனியாக நோய் இல்லை, உள்ளே சேர்ந்த கொழுப்பின் அழுத்தமே காரணம் என்று இவர் கருதினார். பாரிஸ் நகரில் குளோட் பெர்னார்டு என்னும் பேரறிஞர் ஈரலைப் பற்றியும் நீரிழிவைப் பற்றியும் ஆற்றிய சொற்பொழிவுகளைக் கேட்டவர் இவர். மாவுப் பொருளும் சர்க்கரையும் நீரிழிவுக்காரர்க்குக் கேடு செய்வதுபோல், பருமனானவர்க்கும் அவற்றைக் குறைத்துப் பார்த்தாலென்ன என்ற எண்ணம் இவருக்கு உதித்திருந்தது.

ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகிய ஆறும் விலக்கப்பட்டன. பாண்டிங் அதுவரை வயிறார உண்டு வந்தவை இவையே. காலையில் நாலைந்து அவுன்ஸ் இறைச்சி அல்லது மீன், பாலும் சர்க்கரையும் சேராத தேநீர், வாட்டிய ரொட்டி ஒரு சிறு துண்டு. பகலில் ஐந்தாறு அவுன்ஸ் மீனோ இறைச்சியோ, உருளை நீங்கலான காய்கறி. மாலையில் கொஞ்சம் பழம். இரவில் மூன்று நான்கு அவுன்ஸ் இறைச்சி. இவற்றுடன் பகலிலும் இரவிலும் திராட்சை மது வேறு அனுமதிக்கப்பட்டிருந்தது. இந்த மதுப் பகுதியை இக்காலத்து மருத்துவர் எவரும் ஒப்பமாட்டார், நானும் பரிந்துரைக்கவில்லை.

தமக்கு விலக்கப்பட்ட உணவுகளுக்குப் பாண்டிங் ஒரு வேடிக்கையான உவமை சொன்னார். உழைக்கும் இளங்குதிரைக்கு அவரைக் கொட்டை நல்ல தீனி. கிழக்குதிரைக்கு அதுவே கேடு. அதுபோல் இளமையில் நன்மை செய்த உணவு, வயதேறியபின் பகையாகிறது என்பது அவர் கருத்து.

என்னைப் பெரிதும் கவர்ந்தது உணவுப் பட்டியலன்று. அவர் எழுதி வைத்த எடைக் கணக்கு. 1862 ஆகஸ்டு 26-இல் 202 இராத்தல். செப்டம்பர் 7-இல் 200. பிறகு ஏறக்குறைய மூன்று வாரத்திற்கு ஒருமுறை நிறுத்துப் பார்க்கிறார்: 197, 193, 190, 187. கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் 184. ஓராண்டு நிறைந்த 1863 ஆகஸ்டு 26-இல் 156. மொத்தம் 46 இராத்தல் குறைந்தது. இடுப்பளவும் 12 அங்குலத்திற்கு மேல் சுருங்கியது. கணக்கை உற்று நோக்குங்கள். எந்த மூன்று வாரத்திலும் 4 இராத்தலுக்கு மேல் குறையவில்லை. பல தடவை இரண்டுதான். வாரத்திற்கு ஓர் இராத்தல்கூட முழுமையாகத் தேறாத இந்த நடைக்கு, முப்பதாண்டுப் பாய்ச்சல்கள் ஈடாகவில்லை. காதும் தெளிவாகக் கேட்கத் தொடங்கிற்று. மாடிப்படியில் மற்றவர்களைப் போல் முன்னோக்கி இறங்கினார்.

1863-இல் தம் அனுபவத்தைப் பொதுமக்களுக்கு ஒரு கடிதமாக எழுதித் தம் செலவில் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். மருத்துவ இதழ்கள் சீறின. பிணப்பெட்டிக்காரருக்கு மருத்துவம் எதற்கு என்பதே அவற்றின் தொனி. மக்களோ ஏந்திக்கொண்டனர். உணவைக் கட்டுப்படுத்துவதற்கு அவர் பெயரே வினைச்சொல்லாயிற்று. சுவீடன் நாட்டு மொழியில் இன்றும் எடை குறைக்க உண்பதைக் குறைத்தலுக்கு ‘பாண்டா’ என்பதே சொல்.

இறைச்சிதான் இரகசியம் என்று இதனால் முடிவு கட்டுவோரும் உளர். அவர்களுக்காக மற்றொருவரை இங்கே கொண்டுவர வேண்டும். பாண்டிங்கிற்கு நூறாண்டுக்கு முன், பாத் என்னும் ஊரில் ஜார்ஜ் செய்ன் என்ற ஸ்காட்லாந்து வைத்தியர் வாழ்ந்தார். அவருடைய எடை 32 ஸ்டோன், அதாவது 448 இராத்தலைத் தாண்டியது. நூறடி நடக்க வேண்டுமென்றாலும், இடையில் உட்கார்வதற்கு முக்காலியுடன் ஒரு வேலையாள் பின்னே வரவேண்டியிருந்தது. அவர் கைக்கொண்டதோ பாலும் காய்கறியும். பாண்டிங்கிற்கு விலக்கப்பட்ட பால்! அவருக்கும் எடை குறைந்தது. நலமடைந்ததும் மெல்ல மெல்ல இறைச்சிக்கும் மதுவுக்கும் திரும்பினார். பழைய எடையும் திரும்பி வந்தது. மறுபடியும் பாலுக்கே வந்து, இம்முறை அதை விடாமல் எழுபதைத் தாண்டி வாழ்ந்து 1743-இல் மறைந்தார். தம் வீழ்ச்சியையும் மறைக்காமல் 1733-இல் வெளியிட்ட நூலில் எழுதியிருக்கிறார். வைத்தியர்களிடம் அரிதாகக் காணும் பண்பு.

இரு வேறு உணவு, பயன் ஒன்று. இவ்விருவர்க்கும் பொதுவாக இருந்தது, சலிக்காமல் தொடரக்கூடிய ஒரு முறை கையில் அகப்பட்டதும், நலமடைந்த பின்னும் அதை விடாததுமே. 1994-இல் அமெரிக்காவில் ஒரு பதிவேடு தொடங்கப்பெற்றது. 30 இராத்தலுக்குக் குறையாமல் எடை இறக்கி, ஓராண்டுக்கு மேல் அதைக் காத்தவர்களே அதில் இடம்பெறுவர். அவர்கள் எடை குறைத்த வழிகள் பலதரப்பட்டவை. ஆனால் காத்த வழியில் ஒற்றுமை மிகுதி: பலர் அடிக்கடி நிறுத்துப் பார்க்கிறார்கள், வார நாளில் உண்பது போலவே விடுமுறை நாளிலும் உண்கிறார்கள், நாள்தோறும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நடக்கிறார்கள். படகு வலித்தும் இளைக்காத பாண்டிங்கை நினைத்து நடையை யாரும் கைவிட வேண்டாம். எடையை இறக்குவதைவிட, இறக்கியதைக் காப்பதில்தான் உடலுழைப்பின் உதவி பெரிது.

‘வயதாகிவிட்டது, உடம்பு எரிப்பதில்லை’ என்பது நம்மிடையே வழங்கும் சமாதானம். நானும் பல்லாண்டு அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். 2021-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்த ஆய்வு அதைப் பறித்துக்கொண்டது. 29 நாடுகளைச் சேர்ந்த 6,400-க்கு மேற்பட்டோரை ஆராய்ந்ததில், உடலளவைக் கணக்கிற் கொண்டு பார்த்தால், இருபது வயது முதல் அறுபது வரை உடல் செலவிடும் ஆற்றல் ஏறக்குறைய ஒரே நிலையில் நிற்கிறது என்று கண்டனர். அப்படியானால் மாறியது எது? என் தந்தையார் விடியுமுன் எழுந்து காண்டாவைத் தோளில் சுமந்து மேடும் பள்ளமுமாக நிரைநிரையாக மரம் வெட்டியவர். அவர் உண்ட அதே அளவுச் சோற்றைத்தான் நானும் உண்கிறேன். ஆனால் வீட்டு வாசலில் காரில் ஏறிப் பள்ளி வாசலில் இறங்குகிறேன். இடைவேளையில் சிற்றுண்டிச்சாலையிலிருந்து டின்பால் கலந்த தே தாரிக் வேறு வருகிறது. 2023-ஆம் ஆண்டு நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் மிகை எடை அல்லது உடற்பருமன் உடையோர். நான் அந்தச் சரிபாதிக்கு மேற்பட்ட கூட்டத்தில் ஒருவன்.

பாண்டிங் 1878-இல், தம் 81-ஆம் வயதில் காலமானார்.

எங்கள் பள்ளியில் மாணவர்களின் உயரத்தையும் எடையையும் அளந்து பதிவது வழக்கம். அந்த எடைப்பொறியின்மேல் எத்தனையோ பிள்ளைகளை ஏற்றியிருக்கிறேன், நான் ஏறியதில்லை. இப்போது மூன்று வாரத்திற்கு ஒருமுறை, பிள்ளைகள் வீடு திரும்பிய பிறகு ஏறி நிற்கிறேன். முதற் கணக்கு 88 கிலோ. ஆறு வாரம் கழித்து 86½. தே தாரிக் வாரத்திற்கு ஒன்றாகியிருக்கிறது. இரவுச் சோறு பாதியாகியிருக்கிறது. பள்ளிக்கு நடந்தே வருகிறேன். மழை நாள் நீங்கலாக.